வண்டி சரியாகிவிட்டது, விலை சரியாகவில்லையே!

காரும் காப்பீடும்: வாசகர் கேள்விகள். பாடி ஷாப்பில் எஸ்டிமேட் எழுதியே தலை நரைத்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், எங்களுடையது 2022 மாடல் டொயோட்டா ராவ் 4 ஹைப்ரிட். 28,000 மைல் ஓடியது. பீச்ட்ரீ இண்டஸ்ட்ரியல் புலவார்டில் சிக்னலுக்கு நின்றிருந்தபோது பின்னால் வந்த பிக்கப் இடித்துவிட்டது. தப்பு அவர்மேல்தான் என்று போலீஸ் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அவருடைய இன்சூரன்ஸ் 11,400 டாலர் செலவழித்து ரிப்பேர் செய்து கொடுத்தது. ஊரோடு போய்விடலாம் என்று இப்போது வண்டியை விற்கப் போனால், டீலர் வண்டியின் விபத்து வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 27,500-க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறார். அடிபடாத இதே வண்டிக்கு ஆன்லைனில் 32,000 போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸில் கேட்டால், மதிப்பு குறைந்ததற்காக 1,280 டாலர் தருகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது. "இதுதான் ஜார்ஜியா ஃபார்முலா, இதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை" என்கிறார் க்ளெய்மைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் ஆள், அதாவது அட்ஜஸ்டர். என் கணவர் வந்ததை வாங்கிக்கொள் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
(ஒரு வாசகி, கம்மிங், ஜார்ஜியா)

பதில்: போடாதீர்கள். 1,280 டாலர் எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில், வண்டி சம்பந்தமான எல்லாக் கோரிக்கையும் இத்துடன் தீர்ந்தது என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் கீழே நான் எழுதப்போகிற எதுவும் உங்களுக்கு உதவாது.

முதலில் அந்த "ஜார்ஜியா ஃபார்முலா" விஷயம். 2001-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் மேப்ரி எதிர் ஸ்டேட் ஃபார்ம் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அடிபட்ட வண்டியை ரிப்பேர் செய்து கொடுத்தால் மட்டும் கடமை முடியாது, விபத்தால் அதன் மதிப்பு குறைந்திருக்கிறதா என்றும் நிறுவனம் பார்த்தாக வேண்டும், தன் சொந்த பாலிசிதாரருக்கும்கூட, என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில் இருந்த ஏராளமான க்ளெய்ம்களைத் தீர்க்க ஒரு கணக்கு தேவைப்பட்டது. நீதிமன்ற ஆணையின் 17-வது பத்தி, சி பிரிவில் இருந்ததால் அதற்கு 17சி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வழக்குக்காக வந்த கணக்கை இன்சூரன்ஸ்காரர்கள் இன்றுவரை எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள். எந்த ஃபார்முலாவையும் கட்டாயமாக்கவில்லை என்று மாநிலக் காப்பீட்டு ஆணையரே 2008-ல் தெளிவுபடுத்திவிட்டார். அட்ஜஸ்டருக்கு இது தெரியாமல் இருக்காது.

உங்களுக்கு 1,280 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். வண்டியின் மதிப்பு 32,000. அதில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு என்று முதலில் வெட்டுவார்கள்: 3,200. பிறகு சேதத்தின் அளவுக்கு ஒரு எண். பெரிய கட்டுமானச் சேதம் என்றால் 1, கணிசமானது என்றால் 0.75, நடுத்தரம் 0.5, லேசானது 0.25. உங்களுக்கு 0.5 போட்டிருக்கிறார்கள்: 1,600. கடைசியாக மைலேஜ். 20,000-லிருந்து 40,000 மைலுக்குள் இருந்தால் 0.8. ஆக 1,280.

இதில் மூன்று இடத்தில் கைவைக்கலாம். 10 சதவீத வரம்பு எந்தச் சந்தையிலும் இல்லை. அடுத்து மைலேஜ். 32,000 என்ற விலையே 28,000 மைல் ஓடியதைக் கணக்கில் எடுத்த விலைதான். அதை மறுபடி 0.8-ஆல் பெருக்குவது ஒரே காரணத்துக்கு இரண்டு முறை கழிப்பது. லட்சம் மைல் தாண்டிய வண்டி என்றால் இந்தக் கணக்கில் பூஜ்யமே வந்துவிடும், அவ்வளவு வேடிக்கையான கணக்கு.

மூன்றாவதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்பு: அந்த 0.5. பாடி ஷாப் கொடுத்த கடைசி பில்லை எடுங்கள். முதல் எஸ்டிமேட் வேண்டாம். வண்டியைப் பிரித்த பிறகு "சப்ளிமெண்ட்" என்று சேர்த்த வரிகளோடு உள்ள பில். பின் பம்பரும் டிக்கிக் கதவும் மட்டும் மாற்றியிருந்தால் 0.5 நியாயம். ஆனால் 11,400 டாலர் பில்லில் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால் உள்ள ரியர் பாடி பேனலை வெட்டி மாற்றியது இருக்கும், குவார்ட்டர் பேனல் (பின்பக்கவாட்டுத் தகடு) வேலை இருக்கும், "ஃப்ரேம்" என்ற தலைப்பில் சில மணி நேரக் கூலியும் இருக்கும். அந்த ஃப்ரேம் வரி இருந்தால் அது கட்டுமானச் சேதம். அவர்களுடைய ஃபார்முலாவிலேயே 1 போட்டால் தொகை 2,560 ஆகிவிடுகிறது. இதை நீங்கள் சொல்லாமல் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

டீலர் கார்ஃபாக்ஸைப் பார்த்து மட்டும் விலை குறைத்தார் என்று நினைக்காதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்குவார். கம்பெனியில் போட்ட ஸ்பாட் வெல்டு வட்டம் வட்டமாக, ஒரே இடைவெளியில் சின்னக் குழிகளாகத் தெரியும். பாடி ஷாப்பில் மாற்றிய பேனலில் அந்த ஒழுங்கு அப்படியே வருவது அபூர்வம்; துளையிட்டு அடைத்து, அரைத்து, மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள். சந்தில் பூசிய சீலண்ட் கோடு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் விரல் வைத்துத் தேய்த்ததுபோலவும் இருக்கும். அப்புறம் பெயிண்டின் தடிமனை அளக்கும் கையடக்கமான மீட்டரை எடுத்துக் கதவில் வைத்தால் ஒரு எண், குவார்ட்டர் பேனலில் வைத்தால் இரண்டு மடங்கு. நல்ல பாடி ஷாப் செய்த வேலையிலும் இது தெரியும். வேலை சுத்தம், ஆனாலும் வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். அந்தக் குறைவுக்குத்தான் நீங்கள் பணம் கேட்கிறீர்கள். "ரிப்பேர் சரியில்லையா, ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்" என்று அட்ஜஸ்டர் பேச்சை மாற்றுவார். இழுபடாதீர்கள்.

இப்போது உங்கள் கணக்கு. 32,000-லிருந்து 27,500-ஐக் கழித்து 4,500 நஷ்டம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி எழுதி அனுப்பினால் முதல் வாரமே அடிபடும். ஒன்று டீலர் விற்கிற விலை, மற்றது டீலர் வாங்குகிற விலை; நடுவில் இருப்பதில் ஒரு பங்கு அவருடைய லாபம். வாங்குகிற விலையோடு வாங்குகிற விலையை ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று டீலரிடம் போய், "இதே வண்டி, இதே மைல், விபத்தே இல்லை என்றால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்? இப்போது எவ்வளவு?" என்று கேட்டு, கடைத் தாளில் மேனேஜர் கையெழுத்தோடு வாங்குங்கள். சிலர் எழுதித் தரமாட்டார்கள், பரவாயில்லை, அடுத்த கடைக்குப் போங்கள். விபத்தில்லா விலை 30,500 என்று வந்தால் உங்கள் நஷ்டம் 3,000. அந்த மூவாயிரத்தை நிரூபிக்கலாம். 4,500-ஐ நிரூபிக்க முடியாது.

கூடவே தனியாக ஒரு அப்ரைஸரிடம் (வண்டியை மதிப்பிடுகிறவர்) ரிப்போர்ட் வாங்குங்கள். சில நூறு டாலர் ஆகும். வண்டியை நேரில் பார்க்காமல், நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு மின்னஞ்சலில் ரிப்போர்ட் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் வேண்டாம். தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். வண்டியை விற்பதற்கு முன்பே அவர் பார்த்துவிட வேண்டும். விற்றுவிட்டால் உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். விபத்து நடந்த அன்று வண்டி உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது. விற்ற ரசீதே ஒரு சாட்சிதான்.

இவ்வளவும் சேர்ந்ததும் இடித்தவருடைய இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். விபத்துத் தேதி, க்ளெய்ம் நம்பர், கேட்கும் தொகை, இணைப்புகள், அவ்வளவுதான். ஜார்ஜியா சட்டத் தொகுப்பில் 33-4-7 என்ற பிரிவின்படி 60 நாள் அவகாசம் தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்து, சர்ட்டிஃபைட் தபாலில், பெற்றுக்கொண்ட ரசீது திரும்பி வருகிற மாதிரி அனுப்புங்கள். இடித்தவருடைய இன்சூரன்ஸ் வாகன நஷ்டத்தைத் தீய எண்ணத்தோடு இழுத்தடித்தால், நஷ்டத்தில் பாதி அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அதுவரை கூடுதலாகவும், வக்கீல் செலவும் கட்டவேண்டி வரலாம் என்கிறது அந்தப் பிரிவு. மூவாயிரம் டாலர் தகராறில் ஐயாயிரம் அபராதம் என்றால் மேஜைக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் யோசிப்பார்கள். கடிதம் போனதும் 1,280 என்பது 2,000 ஆகலாம். அதை வாங்கிக்கொண்டு போவதா, மேலே போவதா என்பது உங்கள் அவசரத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் 2,500-க்குக் கீழே இறங்கமாட்டேன்.

மேலே போவதென்றால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட். 15,000 டாலர்வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வழக்கு இடித்தவர்மேல்தான், இன்சூரன்ஸ்மேல் இல்லை. அவர் எந்தக் கவுண்டியில் குடியிருக்கிறாரோ அங்கே போட வேண்டும். க்வினெட் கவுண்டிக்காரர் என்றால் லாரன்ஸ்வில். அந்த மனிதர்மேல் கேஸ் போடுவதா என்று நம்மவர்கள் சங்கடப்படுவார்கள். வழக்கமாக அவருக்காக வாதாடுவதும், அவருடைய பாலிசி வரம்புக்குள் பணம் கட்டுவதும் இன்சூரன்ஸ்தான்.

சொத்து நஷ்டத்துக்கு ஜார்ஜியாவில் நான்கு வருட அவகாசம் உண்டு. ஆனால் உங்களுக்கு உண்மையான கெடு விமான டிக்கெட். கடிதத்துக்கு 60 நாள், பிறகு கோர்ட் தேதி, அதற்கு நேரில் இருக்க வேண்டும். டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கடிதம் இந்த வாரமே போக வேண்டியிருக்கலாம்.

கேள்வி: என் மகன் மழையில் சறுக்கி நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதிவிட்டான். வேறு வண்டி கிடையாது. எங்கள் இன்சூரன்ஸே ரிப்பேர் செய்தது. மதிப்பு குறைந்ததையும் கேட்கலாமா?
(ஒரு வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: கேட்கலாம், கிடைக்காது. சரியாக ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டால் மதிப்புக் குறைவையும் தரவேண்டும் என்று வழக்கமான பாலிசி சொல்லவில்லை என 2003-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஷேஃபர் வழக்கில் தீர்த்துவிட்டது. மேலே உள்ள பதிலைப் படித்து ஜார்ஜியாக்காரர்மேல் பொறாமைப்பட வேண்டாம். வேறு யாராவது உங்கள்மேல் மோதினால், டெக்சஸிலும் மோதியவருடைய இன்சூரன்ஸிடம் தாராளமாகக் கேட்கலாம். மகனுக்கு அடி ஒன்றும் இல்லையே?

கேள்வி: என்னுடையது லீஸ் வண்டி. பின்னால் இடித்துவிட்டார்கள். இந்தப் பணம் எனக்கு வருமா?
(ஒரு வாசகி, ஆல்ஃபரெட்டா)

பதில்: டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மதிப்புக் குறைந்த நஷ்டம், அதாவது லீஸ் கம்பெனிக்கு. கெடு முடிந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதென்றால் உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. கடைசியில் அந்த வண்டியையே வாங்கப் போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அந்த நஷ்டத்தைக் கேட்கும் உரிமையை உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும்படி லீஸ் கம்பெனியிடம் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் பகுதியைப் படித்தேன். தாம்பரத்தில் எங்கள் கிரெட்டாவை லாரி உரசி இரண்டு கதவு போனது. ஜீரோ டெப் பாலிசி இருந்ததால் கையிலிருந்து அதிகம் போகவில்லை. ஆனால் விற்கக் கேட்டால் 80,000 ரூபாய் குறைக்கிறார்கள். நம் ஊரில் இதைக் கேட்க வழி உண்டா?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: உங்கள் பாலிசியில் வழியில்லை ஐயா. "பின்விளைவான இழப்பு, தேய்மானம்" இரண்டையும் தரமாட்டோம் என்று நம் ஊர் கார் பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. ஜீரோ டெப் என்பது, மாற்றிய பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு வழக்கமாகக் கழிக்கும் 50 சதவீதம் போன்றவற்றைக் கழிக்காமல் விடுவது மட்டும்தான். விற்கும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆன்-ரோடு விலையே கிடைக்கும் என்று சொல்லி விற்கிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸும், வண்டி மொத்தமாகப் போனால் அல்லது திருடு போனால்தான் வேலை செய்யும்.

மிச்சம் இருப்பது லாரிக்காரருடைய பாலிசி. மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு அதில் வழக்கமாக ஏழரை லட்சம்வரை இடமிருக்கும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். தொகை 2,000 ரூபாயைத் தாண்டுவதால் விரும்பினால் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். உங்கள் இன்சூரன்ஸ் ஏற்கெனவே கட்டிய ரிப்பேர் செலவை மறுபடி கேட்கக் கூடாது, கையைவிட்டுப் போனதை மட்டும் கேட்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போலீஸில் புகார் பதிவாகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பொருள் சேதம்தானே என்று பேசி அனுப்பியிருந்தால், லாரி நம்பரையும் ஓட்டியவரையும் நிரூபிப்பதே பெரிய வேலையாகிவிடும். அந்த நிலையில் 80,000-க்காக நான் கோர்ட் படி ஏறச் சொல்லமாட்டேன். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, லாரியின் இன்சூரன்ஸ் விவரமும் கையில் இருக்கிறது என்றால் ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயரின் ரிப்போர்ட், சர்வீஸ் சென்டர் பில், விலை குறைத்தவர் எழுதித் தந்த தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். சர்வேயர் ரிப்போர்ட் உங்களிடம் இருக்காது. இன்சூரன்ஸில் எழுதிக் கேட்டால் நகல் தருவார்கள்.