பழைய செவி இன்ஜின் கேம்ஷாஃப்ட் உண்மையிலேயே டுன்டோவ் 30-30தானா, எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டது இது: 327 கன அங்குல செவ்ரோலெட் (சுருக்கமாகச் செவி) வி8 இன்ஜினுக்கான பழைய கேம், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, "டுன்டோவ் 30-30" என்கிறார்கள், நடுத்தண்டில் சி.டபிள்யூ.சி. என்று இருக்கிறது, நம்பி வாங்கலாமா?

முதலில் அந்த மூன்று எழுத்தை மறந்துவிடுங்கள். அது மிச்சிகனில் மஸ்கீகன் ஊரில் இருந்த வார்ப்படசாலையின் குறி. செவி கேம், வேறு கம்பெனி கேம், ரேஸ் கேம் எதிலும் அது இருக்கலாம். வார்ப்பு எண்ணும் அப்படித்தான். வெறும் வார்ப்பு யாருடையது என்று அது சொல்லும். அதன் மேல் எந்த லோப்பை, அதாவது வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பை, தேய்த்து எடுத்தார்கள் என்று சொல்லாது. கேமின் முனையில் குத்தியிருக்கும் எண் கொஞ்சம் உதவும், அது அழியாமல் இருந்தால். ஆனால் பழைய கேமை மறுபடி கிரைண்ட் செய்து லோப்புக்கு வேறு வடிவம் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால் நான் எந்த எண்ணையும் முடிவாக எடுப்பதில்லை. அளந்துதான் பார்ப்பேன்.

30-30 என்றால் என்ன அளவு வர வேண்டும்? 1964-65இல் 327இன் 365, 375 குதிரைத்திறன் இன்ஜின்களிலும், 1967 முதல் 69 வரை செவ்ரோலெட்டின் கமாரோ இசட்/28 காரின் 302 கன அங்குல இன்ஜினிலும் வந்த சாலிட் லிஃப்டர் கேம் இது. லிஃப்டர் என்பது லோப்பின் மேல் ஓடி அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் துண்டு. பார்ட் எண் 3849346. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.030 அங்குல டேப்பட் இடைவெளி, அதனால்தான் அந்தப் பெயர். வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம், இரண்டிலும் 0.485 அங்குலம். செவி ஸ்மால் பிளாக் (327, 302 எல்லாம் இந்த வகை) இன்ஜினில் லோப்பின் ஏற்றத்தை ராக்கர் 1.5 மடங்காக்கி வால்வுக்குக் கொடுக்கும், எனவே லோப்பில் ஏறத்தாழ 0.323 வர வேண்டும். 0.050 லிஃப்டில் டியூரேஷன், அதாவது லோப் 0.050 அங்குலத்துக்கு மேல் தூக்கி வைத்திருக்கும் நேரம், கிராங்க் சுழற்சிக் கணக்கில் 254 டிகிரி.

இங்கே கவனம் வேண்டும். 1970இல் செவ்ரோலெட்டின் எல்டி-1 இன்ஜினில் வந்த கேமின் எக்ஸாஸ்ட் லோப்பும் அதே 0.323தான்! இன்டேக் லோப்தான் குறைவு, 0.306. ஒரு லோப்பை மட்டும் அளந்துவிட்டு "30-30தான்" என்று பணத்தைக் கொடுத்தால் போச்சு. இரண்டையும் அளக்க வேண்டும்.

லிஃப்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. 1957 முதல் 63 வரை வந்த பழைய டுன்டோவ் கேம், 097 என்பார்கள், அதன் வால்வு லிஃப்ட் இன்டேக்கில் 0.394, எக்ஸாஸ்ட்டில் 0.400. வீட்டுக் காரில் வந்த சாதாரண 929 கேமுக்கு 0.390, 0.410. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் 929இன் டியூரேஷன் 0.050இல் 195, 202 டிகிரிதான். 097 அதைவிட எவ்வளவோ நேரம் வால்வைத் திறந்து வைக்கும். கேமுக்குப் பெயர் தந்த செவ்ரோலெட் பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டுன்டோவின் வேலையே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு கேமின் குணம் டியூரேஷனில்தான் தெரியும்.

அளக்கும் முறை. கேமின் இரு முனை ஜர்னலையும் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) வி வடிவத் தாங்கிகளில் வையுங்கள், முன்பக்கம் டிகிரி வீல் பொருத்துங்கள். டயல் கேஜை லோப்பின் வட்டப் பகுதியில் வைத்துப் பூஜ்யம் செய்து, மெதுவாகச் சுற்றுங்கள். முள் 0.050 ஏறியதும் டிகிரியைக் குறியுங்கள். உச்சியைத் தாண்டி 0.050க்கு இறங்கும்போது மறுபடி குறியுங்கள். இடையில் உள்ள டிகிரியை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனென்றால் கேம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் இரண்டு சுற்று.

கேஜின் முனை ஊசியாக இருக்கக் கூடாது. இந்தக் கேம்கள் தட்டை அடி லிஃப்டருக்காகச் செய்தவை. தட்டை அடி லோப்பின் ஓரத்தை முன்னாலேயே தொட்டுவிடும், ஊசி முனை தாமதமாகத்தான் ஏறும். அசல் 30-30 கூட ஊசியில் சாதுவான கேமாகத் தெரியும். அகலமான தட்டை முனை போடுங்கள், இல்லையென்றால் கேமை இன்ஜின் பிளாக்கில் இறக்கி, லிஃப்டர் மேலேயே கேஜை வையுங்கள். மைக்ரோமீட்டரால் லோப்பை நெடுக்கும் குறுக்கும் அளந்து கழிப்பவர்கள் உண்டு. பெரிய டியூரேஷன் கேமில் குறுக்களவு ஏற்றப் பகுதியையும் சேர்த்துப் பிடித்துவிடும், லிஃப்ட் குறைவாகக் காட்டும்.

செவி தவிர மற்றதற்கு இரண்டு வார்த்தை. போன்டியாக்கில் வேலை சுலபம்: முன்முனையில் எழுத்து இருக்கும், P என்றால் 067 கேம், S என்றால் 068 கேம். ஃபோர்டு 289இல் லோப்களின் வரிசையைப் பாருங்கள். 289இன் பற்றவைப்பு வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. ஃபோர்டின் 351 விண்ட்சர் இன்ஜின் கேம் என்றால் 1-3-7-2-6-5-4-8 வரும்.

எல்லா அளவும் சரியாக வந்தாலும் அது செவ்ரோலெட் தொழிற்சாலைக் கேம் என்று நிரூபணம் ஆகாது, அதே அளவில் பின்னாளில் செய்தவையும் உண்டு. ஓட்டத்தான் வேண்டும் என்றால் அதனால் ஒன்றும் குறைவில்லை. பதினாறு லோப்பையும் அளந்து, எங்காவது உச்சி தேய்ந்திருக்கிறதா பாருங்கள். அதோடு பழைய லிஃப்டர்களும் தருகிறார் என்றால், எந்த லோப்பில் எது ஓடியது என்று வரிசை குறித்திருக்கிறாரா என்று கேளுங்கள். குறிக்கவில்லை என்றால் அந்த லிஃப்டர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள், புதிது வாங்கிப் போடுங்கள்.