முன்பக்கம் ‘கட கட’, கியர் பாக்ஸில் ‘உய்ங்’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை எடுத்தால் ‘டக் டக் டக்’ என்று கேட்கிறது. நேராகப் போனால் இல்லை. (ஆல்டோ, 80 ஆயிரம் கி.மீ.)

ஆக்சிலின் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் அதைச் சுற்றவைக்கும் மூட்டு) தேய்ந்திருக்கிறது. காலி மைதானத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரம்தான் அதிகமாகக் கத்தும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) எப்போதோ கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உட்புறமெல்லாம் தெறித்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அன்றே பார்த்திருந்தால் சில நூறு ரூபாய் ரப்பர் உறையோடு போயிருக்கும், இப்போது ஜாயிண்டையே மாற்ற வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அந்த உறையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

வண்டியில் ஒரு மாதிரி சத்தம் வருகிறது. என்ன காரணம்?

எந்த வண்டி, என்ன வேகம், பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா? ஜோசியர்கூட பிறந்த நேரம் கேட்பார். இவ்வளவையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

60-ஐத் தாண்டினால் விமானம் போல ‘உம்ம்’ என்று இரைச்சல். வீல் பேரிங்கா, டயரா?

தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயர்மேல்தான் முதல் சந்தேகம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பும்போது இரைச்சல் கூடினால், எடை வலது பக்கம் ஏறுகிறது, அதனால் வலது பேரிங். உறுதி செய்ய, சக்கரத்தைத் தூக்கி ஒரு கையால் சுற்றி, இன்னொரு கையை காயில் ஸ்பிரிங்கில் வையுங்கள். பேரிங் போயிருந்தால், காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

சின்னச் சின்னப் பள்ளத்தில் முன்பக்கம் ‘கட கட’. மெக்கானிக் சொன்னாரென்று இரண்டு ஷாக் அப்சார்பரும் மாற்றிவிட்டேன், 10 ஆயிரம் போயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது, வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. முன்பக்கம் சத்தம் என்றதும் ஷாக்கைக் கழற்றுவது, அது இல்லையென்றால் மவுண்ட், அதுவும் இல்லையென்றால் லோயர் ஆர்ம் என்று வாடிக்கையாளர் காசில் பரீட்சை எழுதுகிறார்கள். ஷாக் போயிருந்தால் ஆயில் கசிவு இருக்கும், அல்லது பானட் ஓரத்தை அமுக்கிவிட்டால் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடி நிற்கும். இரண்டும் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பி), ஜோடி சுமார் 1,500 ரூபாய். அதைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிவிடும், தேய்ந்த ஜாயிண்ட்கூட ஆடாது, ‘நல்லாத்தான் சார் இருக்கு’ என்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது, அதாவது ராம்ப்பில் நிற்கும்போது, கையால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் சந்தேகம் என்றால் இரண்டு லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே தெருவில் 20 வேகத்தில் ஒரு சுற்று. சத்தம் நின்றால் லிங்க் ராட் அல்லது பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ், அவ்வளவுதான். (கழற்றிய வண்டி வளைவில் அதிகமாகச் சாயும், ஹைவேக்கு எடுத்துப் போகாதீர்கள்.) தொழில் கற்ற காலத்தில் நானும் ஒருவருக்கு வீணாக ஷாக் மாற்றியவன்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸில் ‘உர்ர்’. கிளட்சை மிதித்தால் நிற்கிறது.

இன்புட் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங். மிதித்தால் நிற்காமல், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கிற பழக்கம் இருந்தால் இரண்டாவது சீக்கிரம் வரும்.

கியர் ஆயில் மாற்றினேன், லாரிக்கு வாங்கிய ஜி.எல்-5 தர ஆயில் மீதி இருந்தது, அதையே ஊற்றினேன். இரண்டாவது கியர் விழும்போது ‘கர்ர்’ என்கிறது.

மீதி இருந்த சாம்பார் இல்லை அது! உங்கள் வண்டிக்கு ஜி.எல்-4 என்று கையேட்டில் போட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். ஜி.எல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ வளையத்துக்கு (கியர் உரசாமல் விழ உதவுவது) ஆகாது, வழுக்கலும் அதிகம். உடனே வடித்துவிட்டு சரியான ஆயில் போடுங்கள், சுமார் 2 லிட்டர் பிடிக்கும். அப்புறமும் கர்ர் என்றால் சின்க்ரோ ஏற்கெனவே தேய்ந்துவிட்டது.

ரிவர்ஸில் மட்டும் ‘ஊய்ய்’.

பல வண்டிகளில் ரிவர்ஸ் பல் நேராக வெட்டியது, அப்படித்தான் ஊளையிடும். விட்டுவிடுங்கள்.

கிராமத்து மண் ரோட்டில் போய்வந்ததிலிருந்து முன் சக்கரத்தில் காது கிழிகிற ‘கிறீச்’.

டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே கல். பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் பல நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி எடுங்கள், ஸ்டாண்ட் வைத்து.

புது ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டி. சாவியே போடவில்லை, டிரைவர் கதவைத் திறந்தாலே ‘ர்ர்ர்’ என்கிறது. கியர் பாக்ஸ் கோளாறா?

இல்லை. கியர் மாற்றும் ஹைட்ராலிக் பம்ப், நீங்கள் உட்காருவதற்குள் பிரஷர் ஏற்றி வைக்கிறது. சில விநாடியில் தானே நிற்கும். நிற்காமல் அடிக்கடி ஓடினால் மட்டும் ஷோரூமில் காட்டுங்கள்.