மாம்பழத் தோலும் சாயத் தண்ணீரும்

(நகரியில் வசிக்கும், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் சார். பள்ளிப்பட்டு பக்கம் லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிறோம். அப்பா, நான், ஒரு கூலி ஆள், அவ்வளவுதான் எங்கள் பட்டறை. ஒரு தடவைக்கு 300 லிட்டர் கழிவுத் தண்ணீர் வரும். ஆரஞ்சுத் தோல் தூளைப் போட்டதும் நீலத் தண்ணீர் தெளிந்துவிடுவதை ஒரு வீடியோவில் பார்த்தேன். சித்தூர் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் தோல் சும்மாவே கிடைக்கிறது. அதைத் தொட்டியில் கொட்டித் தெளியவைத்து, தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

பதில்: தம்பி, வீடியோ பொய் இல்லை. ஆனால் அதில் இருந்த நீலம் வேறு, உங்கள் தொட்டியில் இருக்கும் நீலம் வேறு. இதே ஆசை எனக்கும் வந்தது. ஓர் ஆனி மாதம், பெங்களூரா மாம்பழம் குவிகிற சமயம், ஒரு கூழ் ஆலையில் போய் இரண்டு மூட்டை தோல் கேட்டேன். காவலாளி, "என்னி ஆவுலு மாஸ்டாரு?" (எத்தனை மாடு சார்?) என்றார். தோல் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் மாடு வைத்திருப்பவர்கள்தானாம்.

பச்சைத் தோலை அப்படியே போட்டால் இரண்டே நாளில் புளித்து நாறும். அதில் சர்க்கரை இருக்கிறது. அதனால் கொதிக்கவைத்து, வடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, நாலு நாள் வெயிலில் காயவைத்தேன். மாவு மில்லில் அரைக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்து வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அப்புறம் அந்தத் தூளை நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, வழவழப்பு போகும்வரை கழுவிக் காயவைத்தேன். தோலில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. காஸ்டிக் பட்டால் அதிலுள்ள அமிலத் தொகுதிகள் விடுபட்டு எதிர்மின் தன்மையோடு நிற்கும். சாயத்தைப் பிடிக்கிற கைகள் அவைதான்.

முதல் பாட்டிலில் அலங்கார மீன் கடையில் விற்கும் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து இரண்டு ஸ்பூன் தூள் போட்டேன். காலையில் பார்த்தால் அநேகமாக நிறமில்லாத வெறும் தண்ணீர்தான். இரண்டாவது பாட்டிலில், தெரிந்த பட்டறை ஒன்றிலிருந்து வாங்கிவந்த சிவப்புத் தண்ணீர். அது வெளுக்காதது மட்டுமில்லை, கஷாயம் மாதிரி கறுத்துவிட்டது. சலவை சோடா கலந்த தண்ணீர் தோலில் மிச்சமிருந்த துவர்ப்புப் பொருளை இழுத்து வெளியே விட்டுவிட்டது.

காரணம் எளிது. மெத்திலீன் நீலத்துக்கு நேர்மின் தன்மை, தோலுக்கு எதிர்மின் தன்மை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வீடியோக்காரர்கள் அநேகமாக இந்தச் சாயத்தைத்தான் எடுப்பார்கள். பருத்தி நூலுக்கு நாம் போடும் ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொகுதிகள் இருக்கின்றன. அவையும் எதிர்மின் தன்மை கொண்டவை, அதனால் தோல் அவற்றைத் தள்ளிவிடும். அமிலம் ஊற்றி பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2 பக்கம் இறக்கினால் கொஞ்சம் ஒட்டும். ஆனால் உங்கள் தண்ணீரோ 11 பக்கம் நிற்கிறது. அதை இறக்க ஆகும் அமிலத்துக்கு யார் காசு கொடுப்பது? தோலையோ கொட்டை ஓட்டையோ பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400, 500 டிகிரியில் கரியாக்கினால் இந்தச் சாயத்தையும் பிடிக்கும். அது கொல்லைப்புற அடுப்பில் செய்கிற வேலை இல்லை.

சரி, நிறம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். சிவப்புத் தண்ணீரின் இன்னொரு பாட்டிலில், கடையில் வாங்கிய ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது அந்த மாதிரிக் கரியை, போட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். பத்து மடங்கு நல்ல தண்ணீர் கலந்தால்தான் அளக்கவே முடிந்தது. போடுவதற்கு முன்னால் என்ன எண்ணோ, கிட்டத்தட்ட அதே எண்தான் அப்புறமும். ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறோம். 50 என்று வைத்தாலும் உங்கள் 300 லிட்டரில் 15 கிலோ உப்பு. தோல், கரி எதுவும் அதைத் தொடாது.

தென்னங்குழியில் உப்புப் போடுவது வழக்கம்தானே என்று உங்கள் அப்பா கேட்பார். எப்போதோ ஒரு பிடி போடுவது வேறு, ஒவ்வொரு நனைப்புக்கும் ஒரு மூட்டையில் பாதி ஊற்றுவது வேறு. சோடியம் ஏறினால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதே, நொய்யலைக் கெடுத்ததில் நிறத்தோடு இந்த உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்திலும் நகரி ஆறு கொசஸ்தலையில் கலந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்தும் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது.

ஆகவே தென்னைக்கு வேண்டாம். உப்புப் போட்ட சாயத் தொட்டித் தண்ணீரையும், அப்புறம் நூலை அலசிய தண்ணீரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். உப்புத் தண்ணீர் தனியாக, குறைவாக இருந்தால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவது கட்டுப்படியாகும். சாயம் குடித்த தூளை மாட்டுக்கோ எருக்குழிக்கோ போடாதீர்கள். சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து தூளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: மகள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதைச் செய்ய வேண்டும் என்கிறாள். வாழைப்பழத் தோல் போதுமா? (வாசகி, புத்தூர்)

பதில்: தாராளமாகப் போதும் அம்மா. கொதிக்கவைத்து, காயவைத்து, தூளாக்கச் சொல்லுங்கள். காஸ்டிக் வேண்டாம், அது இல்லாமலே மெத்திலீன் நீலம் வெளுக்கும். தூள் போடாத பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் வைக்கட்டும், இல்லாவிட்டால் நடுவர் நம்ப மாட்டார். அந்த நீலம் கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. பழைய சட்டையாகப் போட்டுவிடுங்கள்.