பிளாப் பாஸ் செய்தால் வேலை கிடைத்துவிடுமா? ஹவுஸ் சர்ஜன் மகளின் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் ஹவுஸ் சர்ஜன் முடிக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, நீட் பிஜி எழுத மனமில்லை, பிரிட்டன் போக வேண்டும் என்கிறாள், ஓர் ஏஜென்ட் ஏழு லட்சம் கட்டினால் பதிவு, விசா, வேலை மூன்றுக்கும் தானே பொறுப்பு என்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வைக்க வேண்டாம். மகள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் உரிமம் பெற்ற மருத்துவர்களில் ஐந்தில் இருவர் வெளிநாட்டில் படித்தவர்கள்தான். நம் ஊர் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே நன்றாக வேலை பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஏஜென்ட் சொல்லும் மூன்றில் முதலாவதை உங்கள் மகள் மட்டுமே செய்ய முடியும். மூன்றாவதை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது. நடுவில் இருக்கும் வேலைக்கான விசா, வேலை உறுதியான பிறகு வருவது.

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு செய்வது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், சுருக்கமாக ஜி.எம்.சி. அதன் இணையதளத்தில் மருத்துவரே தன் பெயரில் கணக்கு தொடங்கி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஜி.எம்.சி. நடத்தும் பிளாப் தேர்வுக்குத் தானே இடம் பிடித்து, தானே பணம் கட்ட வேண்டும். பதிவு கிடைத்த பிறகு வேலை தருவது அங்குள்ள மருத்துவமனைகள். அது தனி விண்ணப்பம், தனி நேர்காணல். ஜி.எம்.சி. பதிவு எண் கையில் இருந்தும் மாதக்கணக்கில் வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை இப்போது நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்தாறு வருடம் முன்பு இப்படி இல்லை. பழைய கதையைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் எழுதினால் மொத்தத்தில் 7.5 வேண்டும், நான்கு பிரிவிலும் ஒரே முறையில் 7.0-க்குக் குறையக் கூடாது. அல்லது மருத்துவர்களுக்கான ஓ.இ.டி. எழுதலாம். அதில் நான்கு பிரிவிலும் பி கிரேடு வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் வழுக்குவது எழுத்துப் பிரிவில்தான். பேசவும் கேட்கவும் எட்டு, எட்டரை வாங்கிவிட்டு எழுத்தில் ஆறரையில் நிற்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஓ.இ.டி.-யைச் சொல்வேன். ஏனென்றால் அதில் எழுதச் சொல்வது கட்டுரை அல்ல, ஒரு நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பும்போது எழுதுகிற மாதிரியான கடிதம். வார்டில் தினமும் செய்கிற வேலை. இந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அதனால் ரொம்பவும் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்வதில் லாபமில்லை. ஹவுஸ் சர்ஜன் முடிகிற தறுவாயில் எழுதினால் போதும்.

அப்புறம் பிளாப். முதல் பகுதி 180 கேள்விகள், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். சென்னை போன்ற நகரங்களிலேயே எழுதலாம், ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். எம்.பி.பி.எஸ். ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இது மூன்று நான்கு மாத உழைப்பு. அங்கே இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள். நீட் பிஜி மாதிரி அரிய நோய்களைத் துருவிக் கேட்பதில்லை. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு அடுத்து என்ன செய்வாய் என்பதுதான் கேள்வியின் போக்கு. 2024 முதல் அந்நாட்டு மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வின் பாடத்திட்டத்தோடு பிளாப்பையும் இணைத்துவிட்டார்கள். பெயர் மாறவில்லை.

இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போயே ஆக வேண்டும், வேறெங்கும் நடப்பதில்லை. முதல் பகுதியில் தேறி இரண்டு ஆண்டுக்குள் இதையும் முடிக்க வேண்டும். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். உள்ளே நோயாளியாக நடிக்க ஒருவர், மதிப்பெண் போட ஒருவர். கட்டணமே ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு. அதனால் இதில் தவறுவது வலிக்கும்.

ஏன் தவறுகிறார்கள் என்று சொல்கிறேன். போன வருடம் ஒரு பெண்ணை என் அலுவலகத்திலேயே உட்கார வைத்துப் பழக்கிப் பார்த்தேன். என் மனைவி நோயாளியாக உட்கார்ந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண் கெட்டிக்காரி. வலி எப்போது தொடங்கியது, முதுகுக்குப் போகிறதா, வாந்தி உண்டா, சிறுநீர் எப்படி என்று எட்டு நிமிடத்தில் இருபதுக்கு மேல் கேள்வி கேட்டாள், நோயையும் சரியாகக் கண்டுபிடித்தாள். முடிந்ததும் என் மனைவி சொன்னாள்: “எங்க அம்மா இதே மாதிரி வயித்து வலியில ஆரம்பிச்சு கேன்சர்ல போனாங்கன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டே இருந்தேன், அவ கேக்கவே இல்ல.” அந்தத் தேர்வில் நோயைக் கண்டறிவதும், சிகிச்சை சொல்வதும், நோயாளியிடம் நடந்துகொள்வதும் தனித்தனியாக மதிப்பிடப்படும். நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எதற்காகப் பயப்படுகிறீர்கள், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். ஓ.பி.யில் ஒரு நாளில் 150 பேரைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது வராமல் போவதில் ஆச்சரியமில்லை. அதை மனப்பாட வசனமாகச் சொன்னாலும் தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகளை இன்றைக்கே, ஒரு நாளைக்கு ஒரு நோயாளியிடமாவது, தமிழிலேயே, “உங்களுக்கு என்ன பயம்?” என்று கேட்டுப் பழகச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் தானாக வரும்.

தேர்வுகள் முடிந்தபின் காகிதங்கள். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் தேவையில்லாமல் மாட்டிக்கொள்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகளின் எம்.பி.பி.எஸ். பட்டத்தை எபிக் என்ற அமைப்பு வழியாக, பட்டம் கொடுத்த இடத்திலேயே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அங்கே முதலில் இடிப்பது நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’. பட்டத்தில் பெயருக்கு முன்னால் ‘எஸ்’. பாஸ்போர்ட்டில் அந்த ‘எஸ்’ விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே பார்ப்பவருக்கு மூன்று பேர். நான் வழிகாட்டிய ஒரு பையன், இரண்டு தேர்வும் தேறியவன், இந்த ஒரு எழுத்துக்காகப் பிரமாணப் பத்திரம், பல்கலைக்கழகக் கடிதம் என்று நான்கு மாதம் அலைந்தான். அதற்குள் அவன் பார்த்து வைத்திருந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே பெயரை யோசித்து எடுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால், பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் பேசி என்ன செய்ய முடியும் என்று பாருங்கள்.

அடுத்தது பயிற்சிச் சான்றிதழ். முழுப் பதிவு கிடைக்க 12 மாத ஹவுஸ் சர்ஜன் முடித்திருக்க வேண்டும், அதில் மெடிசின் மூன்று மாதமும் சர்ஜரி மூன்று மாதமும் கட்டாயம். சான்றிதழில் ஒவ்வொரு துறையிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதி வாங்கட்டும். ‘கட்டாயச் சுழற்சிப் பயிற்சி முடித்தார்’ என்ற ஒற்றை வரி போதாது. மெடிசினிலோ சர்ஜரியிலோ நாள் குறைகிற மாதிரி போஸ்டிங் மாற்றிக்கொள்வது, தோழிக்காக விட்டுக்கொடுப்பது, இதெல்லாம் இந்த மூன்று மாதத்தில் வேண்டாம்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவை முடித்துவிடட்டும். ஜி.எம்.சி.க்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். அது மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், எனவே அதை மட்டும் கடைசியில் வாங்க வேண்டும். இரண்டாம் பகுதியில் தேறிய இரண்டு ஆண்டுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இனி வேலை. நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். அங்கே 2019-ல் வெளிநாட்டு மருத்துவர்களை எடுப்பதற்கான தடைகளைத் தளர்த்தினார்கள். உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள், இடங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. சிறப்புப் பயிற்சியில் சேர 2025-ல் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டு அரசு வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கும், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் கணிசமான காலம் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. அதனால் போனவுடன் கார்டியாலஜி, ரேடியாலஜி என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். பயிற்சிக்குள் வராத ‘கிளினிக்கல் ஃபெல்லோ’, ‘டிரஸ்ட் கிரேடு’ என்ற வேலையில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அதற்கே விளம்பரம் வந்த சில மணி நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்து மூடிவிடுகிற நிலை இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் உங்கள் மகளைத் தனித்துக் காட்டப் போவது இரண்டு விஷயம். ஒன்று, இடைவெளி இல்லாத வேலை அனுபவம். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்தால் பிளாப்பில் நல்ல மதிப்பெண் வரலாம், ஆனால் வேலை தருபவர் கேட்கும் முதல் கேள்வி ‘கடைசியாக எப்போது நோயாளியைப் பார்த்தாய்?’ ஜி.எம்.சி.யும் கடந்த ஐந்து ஆண்டில் என்ன செய்தாய் என்று கணக்குக் கேட்கும். ஹவுஸ் சர்ஜன் முடிந்த கையோடு நல்ல மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேரட்டும். முடிந்தால் மெடிசின் அல்லது எமர்ஜென்சி. சம்பளம் குறைவுதான், நைட் டியூட்டிக்கு நடுவில் படிப்பது சிரமம்தான். முதல் பகுதிக்கு நான்கு மாதம் என்றது ஆறு மாதம் ஆகும். ஆகட்டும். சேர்ந்த தேதி, பதவி, துறை எல்லாம் எழுதிய அனுபவச் சான்றிதழை விலகும்போதே வாங்கிவிட வேண்டும்.

இரண்டாவது, ஆடிட். பெரிய ஆராய்ச்சி என்று பயப்பட வேண்டாம். தன் வார்டில் நோயாளிகளுக்கு மருந்து ஏற்ற நரம்பில் போட்டிருக்கும் சிறு குழாய்களில், அதாவது வென்ஃப்ளான்களில், எத்தனையில் போட்ட தேதி எழுதியிருக்கிறது என்று ஒரு வாரம் எண்ணட்டும். எழுத வேண்டியதன் காரணத்தை நர்ஸுகளோடும் சக டாக்டர்களோடும் பேசட்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்ப எண்ணட்டும். முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினால் அதுதான் ஆடிட். அங்கே நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போதுதான் அந்த வார்த்தையையே கேள்விப்படுகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஆங்கிலத் தேர்வு, இரண்டு பிளாப், மான்செஸ்டர் பயணம், அங்கே மூன்று நான்கு வாரம் பகிர்ந்து தங்கும் அறை, பயிற்சி வகுப்பு, எபிக், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஐந்து லட்சம் ரூபாய் வரும். ஆனால் இது ஒரே நாளில் கேட்கும் தொகை அல்ல, ஒன்றரை இரண்டு வருடத்தில் பிரித்துப் பிரித்துப் போகும். முதல் பகுதி வரைக்கும் ஐம்பது அறுபதாயிரம்தான். அது வரை போய்ப் பார்த்துவிட்டு, மகளுக்கு இன்னும் விருப்பமும் தெம்பும் இருக்கிறதா என்று கேட்டு அடுத்ததைச் செலவழியுங்கள். இரண்டாம் பகுதி எழுதியதும் ஊர் திரும்பிவிட வேண்டும். விசிட்டர் விசாவில் வேலை செய்ய முடியாது, அங்கேயே உட்கார்ந்து வேலை தேடினால் வாடகையில் நகை கரையும். நேர்காணல்கள் பெரும்பாலும் வீடியோவில்தான். டியூட்டி டாக்டர் வேலையைத் தொடர்ந்துகொண்டே இங்கிருந்து விண்ணப்பிக்கலாம்.

ஒருவேளை மகள் மனம் மாறி இங்கே எம்.டி. மெடிசின் சேர்ந்தால் பிரிட்டன் கதவு மூடிவிடாது. பிரிட்டனின் மெடிசின் மேல்தகுதித் தேர்வான எம்.ஆர்.சி.பி.யின் மூன்று பகுதியும் தேறினால் பிளாப் எழுதாமலேயே ஜி.எம்.சி.யில் பதிவு செய்யலாம். ஆங்கிலத் தகுதி மட்டும் அதற்கும் வேண்டும். பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆனால் அதன் முதல் பகுதியை எழுதலாம். மெடிசினில் உண்மையான பற்று இருக்கிற பிள்ளைக்கு நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். நீட் பிஜி எழுத மனமில்லை என்பது அவளது முடிவா, போன முறை தோழிகள் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பயமா என்று ஒருநாள் நிதானமாக, திட்டாமல், கேட்டுப் பாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தால் பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை நான்கையும் மேசையில் பரப்பி, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். எதில் என்ன வேறுபாடு என்று எழுதி எனக்கு அனுப்புங்கள், எதை எங்கே சரிசெய்யலாம் என்று சொல்கிறேன். ஏஜென்ட்டிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அதற்கான ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.