'நிலம்' என்று எழுதியிருந்தால்...

எல்லைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர், செங்கோட்டையில் 38 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவர்)

அண்ணாச்சிக்கு வணக்கம். புனலூர் பக்கம் 10 சென்ட் இடம் விலைக்கு வருகிறது. கணவர் ஓய்வு பெற்றதும் அங்கே சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஆசை. பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. தெரிந்த பெண் ஒருத்தி வாசித்துக் காட்டினாள். இடத்தின் வகை 'நிலம்' என்று போட்டிருக்கிறதாம். போன இதழில் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், "நிலம் என்றால் நிலம்தான், வில்லங்கம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்" என்று இன்னொருவருக்கு எழுதியிருந்தார். நானும் கொடுக்கலாமா?
– வாசகி, கடையநல்லூர்

கொடுக்காதீர்கள் அம்மா. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் கொடுத்திருக்கக் கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

நமக்கு நிலம் என்றால் எல்லா நிலமும்தான். நஞ்சையும் நிலம், புஞ்சையும் நிலம், வீட்டுமனையும் நிலம். கேரள வருவாய்ப் பதிவேட்டில் அப்படி இல்லை. அங்கே 'நிலம்' என்று எழுதினால் நெல்வயல். வீடு கட்டவும் தென்னை வைக்கவும் உரிய மேட்டு இடத்துக்கு அவர்கள் எழுதும் சொல் 'புரயிடம்'. ஒரே சொல், ஒரே உச்சரிப்பு; புளியரையைத் தாண்டி ஆரியங்காவு போனால் பொருள் மாறிவிடுகிறது.

கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை மண் போட்டு நிரப்புவதும் அதில் கட்டடம் எழுப்புவதும் அந்தச் சட்டப்படி தடுக்கப்பட்டவை. எந்தெந்த சர்வே எண் வயல் என்று ஊர்தோறும் பட்டியல் எடுத்திருக்கிறார்கள். அதற்கு 'டேட்டா பேங்க்' என்றே பெயர். அதை அந்தப் பஞ்சாயத்தின் கிருஷி பவனில், அதாவது வேளாண்மை அலுவலகத்தில், கேட்டுப் பார்க்கலாம். கிராம அலுவலகத்தில் அடிப்படை வரிப் பதிவேடு இருக்கிறது. அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே 'நிலம்' என்றிருக்கிறதா, 'புரயிடம்' என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் இது தெரியாது. யார் யாருக்கு விற்றார், எங்கே அடமானம் வைத்தார் என்பதைத்தான் அது சொல்லும். இடம் வயலா மேடா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்து, டேட்டா பேங்கில் அந்த எண் இல்லை என்றால் வகை மாற்றித் தரும்படி வருவாய்த் துறைக்கு 6-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. டேட்டா பேங்கில் தவறாகச் சேர்ந்துவிட்டது என்றால், முதலில் அதிலிருந்து நீக்கக் கோரி 5-ஆம் படிவம். இரண்டையும் விற்பவரே செய்து முடித்து, ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விற்கட்டும். "வாங்கிய பிறகு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வயலில் குடியிருக்க வீடு கட்டச் சிறு விலக்கு ஒன்றும் இருக்கிறது. கட்ட ஏற்ற வேறு இடம் இல்லாத உரிமையாளருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை. கடையநல்லூரில் இருந்துகொண்டு புதிதாக வாங்கப் போகிற நீங்கள் அதை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொன்று: இடத்தை இடவப்பாதி மழையில், ஜூன் மாதத்தில், போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள இடமெல்லாம் ஓரிரு அடி தாழ்ந்து, தண்ணீர் கட்டி நின்று, உங்கள் 10 சென்ட் மட்டும் செம்மண் மேடாகத் தெரிந்தால் அது நிரப்பிய வயலாக இருக்கலாம். கோடையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2011-இல் என் மைத்துனர் அந்தப் பக்கம் 8 சென்ட் வாங்கினார். தென்காசியிலிருந்து கொல்லம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன யோசனை அது. அவர் தரகர் அல்ல, ஒரு பைசா வாங்கியவரும் அல்ல. சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் நிறைய இடம் வாங்கிய அனுபவத்தில், நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது நம் பக்கத்துக்குச் சரி. மைத்துனர் என்னிடம் காகிதத்தைக் காட்டியது பதிவு முடிந்த பிறகு. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இன்றும் அங்கே நேந்திரன் வாழை நிற்கிறது. வீடு இல்லை.

அந்த வாசகரின் குறிப்பை வெளியிட்டவன் நான். 'எந்தப் பக்கத்து நிலம்' என்று கேட்டு வாங்கிப் போட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது, அவருடையது அல்ல. இனிமேல் இந்தப் பகுதிக்குப் பதில் எழுதும் அன்பர்கள், எந்த ஊரில், எந்த ஆண்டில் பார்த்ததைச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த வரி இல்லாத யோசனையை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் வெளியிட மாட்டேன்.

*

ஆரியங்காவில் இடம் பார்த்தோம். கிராம அலுவலகத்தில் "போக்குவரவு ஆகவில்லை" என்றார்கள். ஆனால் இடத்துக்கு நல்ல தார்ச்சாலை இருக்கிறதே, ஐயா?
– வாசகர், இலஞ்சி

சாலையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. போக்குவரவு என்றால் நம் பட்டா மாறுதல். விற்பவர் பெயருக்கு வருவாய்க் கணக்கு இன்னும் மாறவில்லை என்று பொருள். அது முடிந்ததும் அவர் பெயரில் 'தண்டப்பேர்' எண், அதாவது நிலவரிக் கணக்கு எண், வரும். அந்த எண்ணில் அவர் 'கரம் அடைத்த' ரசீதைக் கேளுங்கள். அடைத்த என்றால் அங்கே கட்டிய என்று பொருள். ரசீதில் பரப்பு ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் என்பது 2.47 சென்ட். 4.05 ஆர் என்று இருந்தால் 10 சென்ட்.

*

தாத்தாவின் பத்திரத்தில் '1098 மிதுனம் 12' என்று தேதி இருக்கிறது. பசலி ஆண்டு என்று ஒருவர் சொன்னார். போலிப் பத்திரம் என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
– வாசகர், செங்கோட்டை

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் தம்பி. பத்திரத்தின் தேதியில் எந்தக் கோளாறும் இல்லை.

நம் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் (1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்த ஊர். அந்தக் காலத்துப் பத்திரங்களில் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டுதான் எழுதுவார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில், அவர்கள் சொல்லும் சிங்ஙத்தில், பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் நடு வரை 825. மிதுனம் நம் ஆனி. ஆகவே 1098-உடன் 825 கூட்டினால் 1923, ஜூன் கடைசி வாரம். சரிபார்க்க வேண்டுமா? மலையாளத்துப் பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பதில் வந்த வெள்ளம்' என்று சொல்வார்களே, அது 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை. உங்கள் தாத்தா அந்த வெள்ளத்துக்கு ஓராண்டு முந்தி இடம் வாங்கியிருக்கிறார்.

பசலி என்று சொன்னவரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊர் வருவாய்க் கணக்கில் அந்த ஆண்டுதான் புழக்கம். பசலிக்கு 590 கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் 1688 வரும். அன்றைக்கு முத்திரைத்தாளும் இல்லை, பதிவு அலுவலகமும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்தவர் போலி என்று முடிவு கட்டியிருப்பார். போலி என்ற சொல்லை மட்டும் அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது.

பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் பசை நாடா ஒட்டவும் வேண்டாம். விரித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள்.

*

கேரளத்தில் உள்ள இடத்தை, விற்பவரும் வாங்குபவரும் தமிழ்நாட்டில் இருப்பதால், தென்காசியிலேயே பதிவு செய்யலாம் என்கிறார்களே?
– வாசகர், ஆய்க்குடி

முடியாது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, கேரளத்துச் சொத்துக்குக் கேரளத்தில்தான் பதிவு; பொதுவாக அது எந்த சார்பதிவாளர் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே. நேரில் போக இயலாத விற்பனையாளர், தாம் குடியிருக்கும் ஊரின் சார்பதிவாளர் முன்னிலையில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, அதைக் கொண்டு இன்னொருவரை அனுப்பலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஓணம் விடுமுறையைப் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள்.