கடலைக்கும் ஜீனோமா?

கேள்வி: கரிசல் காட்டில் ஐப்பசி கடைசியில் கொண்டைக்கடலை விதைக்கிறோம். தை பிறந்தால் நிலம் வெடித்து, காய் முற்றுமுன் செடி காய்ந்துவிடுகிறது. 'ஜீனோம்' பார்த்து வறட்சி தாங்கும் கடலை வந்திருக்கிறதாமே? அதுவும் பி.டி. பருத்தி சங்கதிதானா?
– வாசகர், உடுமலை

பதில்: இல்லைங்க. பி.டி. பருத்தியில் இருப்பது ஒரு பாக்டீரியாவின் மரபணு. இதுவோ கடலைக்கும் கடலைக்கும் செய்த சம்பந்தம், சொந்தத்துக்குள்ளேயே.

ஐ.சி.சி. 4958 என்றொரு கடலை. வேரை ஆழமாகவும் அடர்த்தியாகவும் விட்டு, மழை நின்ற பிறகும் அடிமண் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தை நன்றாகக் காய்க்கும் ரகத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆனால் ஒட்டில் வந்த நூற்றுக்கணக்கான செடிகளில் எதற்கு அந்த வேர் வாய்த்தது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேரைப் பார்க்க நானும் தோண்டியிருக்கிறேன். காய்ந்த கரிசலைக் கடப்பாரையால் கட்டியாகப் பெயர்த்து, ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறவைத்து, காலையில் அலசுவோம். கையில் வருவது பாதி வேர்; மீதி அறுந்து குழியிலேயே நிற்கும். நாளெல்லாம் முதுகொடிந்தால் நாலு செடி. தோண்டிய செடியில் விதையும் எடுக்க முடியாது!

ஜீனோம் கைகொடுத்தது இங்கேதான். ஜீனோம் என்றால் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுதி. கொண்டைக்கடலையின் தொகுதியை 2013-இல் படித்து வெளியிட்டார்கள். சுமார் 28,000 மரபணுக்கள். ஐதராபாத் பக்கத்துப் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்ற வேலை அது. வேர் உள்பட வறட்சிக் குணங்கள் பலவற்றை ஆளும் மரபணுக்கள் ஒரே துண்டில் குவிந்திருப்பதையும் கண்டுகொண்டார்கள். இப்போது இளஞ்செடியில் இலை நுனியைக் கிள்ளிச் சோதித்தாலே அந்தத் துண்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். செடி பாட்டுக்கு வளரும். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இப்படித்தான் பூசா 372 ரகத்தில் அந்தத் துண்டைச் சேர்த்து, பூசா 10216 கொண்டுவந்தது.

அதற்காக விதை தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அது மத்திய இந்தியாவுக்கென்று வெளியிட்ட ரகம். தவிர, ஒரு முழத்தில் பாறை தட்டும் காட்டில் நீள வேர் எங்கே போகும்? பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்வது வேறு கதை. அதற்கு வேர் மட்டும் போதாது.

தையில் காட்டின் நடுவே இரண்டடிக் குழி எடுங்கள். அடிமண்ணைக் கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் எனக்கு எழுதுங்கள்; ரகத்தைப் பற்றி மேலே பேசலாம்.