ஈஸ்ட் ரைபோசோம் எப்படித் தயாராகிறது: கேள்வி பதில்

கே: புரதம் செய்யும் ரைபோசோமில் சிறிய துணை அலகு 40எஸ், பெரியது 60எஸ். சேர்ந்தால் 100 ஆகணுமே சார், ஏன் 80எஸ்?

ப: எஸ் என்பது எடை இல்லை. மையவிலக்கில் சுழற்றும்போது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்ற அளவு. கூட்டாதீர்கள்.

கே: ஒரு செல்லில் எத்தனை ரைபோசோம்?

ப: நன்றாக வளரும் ஈஸ்டில் சுமார் 2,00,000. ஒன்றரை மணி நேரத்தில் செல் இரண்டாகிவிடும், அதனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 புதிதாகச் செய்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் 4 ஆர்என்ஏ, 79 புரதம்.

கே: ஆர்என்ஏவை வெட்டுவது படியெடுத்து முடிந்த பிறகா, நடுவிலேயா?

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். 12ஆம் குரோமோசோமில் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு சுமார் 150 நகல்களாக வரிசையாக இருக்கிறது. 18எஸ், 5.8எஸ், 25எஸ் ஆர்என்ஏ மூன்றையும், படியெடுக்கும் நொதியான போலிமரேஸ்-1 ஒரே நீள இழையாக (35எஸ்) எடுக்கிறது. 5எஸ் மட்டும் போலிமரேஸ்-3 எடுப்பது. இழை வெளியே வர வர யு3 என்ற சிறு ஆர்என்ஏவும் ஏராளமான புரதங்களும் அதைப் பற்றிக்கொள்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு குமிழ் தெரியும். சிறிய துணை அலகு உருவாகத் தொடங்கும் இடம் அது. வேகமாக வளரும் செல்லில் சுமார் 70 சதவீத இழைகள், போலிமரேஸ் கடைசிவரை ஓடும் முன்பே ஏ2 என்ற இடத்தில் வெட்டுப்பட்டுவிடுகின்றன.

கே: பாடப்புத்தகத்தில் முழு 35எஸ் வந்த பிறகுதானே வெட்டு? என் பிளாட்டிலும் (ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) 35எஸ் பட்டை தடியாக இருக்கிறதே.

ப: புத்தகம் பொய் சொல்லவில்லை, மீதி 30 சதவீதம் அப்படித்தான் போகிறது. ஆனால் பட்டை தடியாக இருப்பதால் அதுதான் முக்கிய வழி என்று ஆகாது. மெதுவாக வெட்டுப்படுவதும் தேங்கித் தடித்துத் தெரியும். எந்த ஓ.டி.யில் (செல் அடர்த்தி அளவில்) செல்லை எடுத்தீர்கள்?

கே: கிரேடியன்ட்டில் (மையவிலக்கில் ரைபோசோம் பகுதிகளைப் பிரிக்கும் சர்க்கரைக் கரைசலில்) 60எஸ் உச்சி குட்டையாக வருகிறது.

ப: 40எஸ் உயர்ந்து, பாலிசோம் (ஒரே எம்ஆர்என்ஏவில் பல ரைபோசோம்) உச்சிகளின் தோளில் சின்னப் புடைப்பும் இருந்தால் 60எஸ் பற்றாக்குறை. 60எஸ் வராமல் 40எஸ் மட்டும் எம்ஆர்என்ஏவில் காத்திருக்கிறது. முதலில் குழாய் ஆடவில்லை என்று உறுதி செய்யுங்கள். குளிரறைக் கதவில் இடித்து ஒரு நாள் உழைப்பைக் கலக்கியவன் சொல்கிறேன்.

கே: தரப் பரிசோதனை உண்டா?

ப: உண்டு. 60எஸ்ஸில் டிஃப்6 என்ற புரதம் ஒட்டிக்கொண்டு 40எஸ்ஸைச் சேரவிடாது. அதைக் கழற்ற இஎஃப்எல்1, எஸ்டிஓ1 என்ற இரண்டு புரதங்கள் வேண்டும். எஸ்டிஓ1-இன் மனித வடிவம் பழுதானால் ஷ்வாக்மன்-டயமண்ட் என்ற பரம்பரை நோய்.

கே: ஈஸ்ட் மாத்திரை சாப்பிட்டால் நம் ரைபோசோம் கூடுமா?

ப: கூடாது. செரித்துப் போகும்.

கே: ரைபோசோமின் ஆரம்ப நிலைத் துகளான 90எஸ் என்றால் 40எஸ்ஸும் 50எஸ்ஸும்...

ப: மறுபடியுமா! முதல் பதிலைப் படியுங்கள்.

கே: சார், 35எஸ் பட்டை கேட்டவன். ஓ.டி. 4-இல் எடுத்தேன்.

ப: அப்படிச் சொல்லுங்கள். அது வேகமாக வளரும் செல் இல்லை. 0.5-இல் எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.